பச்சை ஜன்னலின் அடிப்பூச்சு: வீட்டுப் பெயின்டில் காரீயத்தைச் சோதிப்பது எப்படி?

பொங்கலுக்கு முன்பு மயிலாடுதுறையில் என் அக்கா வீட்டில் பெயின்ட் வேலை நடந்தது. அக்காவின் மாமனார் காலத்து வீடு. தேக்கு ஜன்னல், இரும்புக் கம்பி, எல்லாவற்றிலும் தடித்த பச்சை எனாமல். பெயின்டர் உப்புத்தாளை வைத்து ஒரு காலை முழுவதும் தேய்த்ததில் ரெட் ஆக்சைடு தரை முழுக்கப் பச்சைத் தூள் மாவு போலப் படிந்திருந்தது. அந்தத் தரையில்தான் அக்காவின் பத்து மாதப் பேரன் தவழ்கிறான். அன்று மாலை அக்காவின் மகள் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே, இதில் இருக்குமா? எப்படிப் பார்ப்பது?"

நான் வேதியியல் படித்தவன் என்பதால் குடும்பத்தில் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். இருக்கிறது, இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடைக்கும் கேள்விதானே என்று அவள் நினைத்தாள். அது அப்படி இல்லை.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அதற்கு இந்தப் பழி கிடையாது. (கடையில் வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்பது வேறு கதை.) பெயின்டில் நாம் தேடுவது காரீயம். பென்சிலுக்குள் இருப்பதையும் சிலர் காரீயம் என்பார்கள். அது உண்மையில் கரி. இந்தக் கட்டுரையில் காரீயம் என்றால் அந்தக் கனமான நச்சு உலோகம் மட்டுமே.

அது பெயின்டுக்குள் ஏன் வந்தது? வேலைக்கு உதவியதால்தான். காரீய வெள்ளை பழைய நிறத்தை நன்றாக மறைக்கும். காரீயக் குரோமேட் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தரும். அதோடு நீலம் சேர்த்தால் பச்சை. காரீயச் செந்தூரம் இரும்பைத் துருவிலிருந்து காக்கும். எண்ணெய்ப் பெயின்ட் சீக்கிரம் காய்வதற்கும் காரீயச் சேர்மங்களைச் சேர்த்தார்கள். ஆகவே நம் வீடுகளில் சந்தேகம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது ஓரளவு தெளிவு. மரத்திலும் இரும்பிலும் அடித்த எனாமல். அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. கதவு, ஜன்னல், கம்பி, பீரோ, தொட்டில் என்று பார்த்துக்கொண்டு போகலாம். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவரில் சந்தேகப்பட அதிகம் இல்லை. கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது இரும்பு ஆக்சைடு. காரீயச் செந்தூரம் கிட்டத்தட்ட அதே வேலைக்கு வரும் வேறு பொருள். பார்வையால் மட்டும் இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது.

இது ஆபத்து என்று கண்டுகொள்ள உலகுக்கு நெடுங்காலம் ஆனது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், காரீய நஞ்சேறிய குழந்தைகள் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று துருவிக்கொண்டிருந்தார். 1904இல் அவர் குற்றவாளியைச் சுட்டிக்காட்டினார்: மரவீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளிலும் அறைச் சுவர்களிலும் இருந்த பெயின்ட். வெயிலில் காய்ந்து தூளாகி, குழந்தையின் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குப் போகிறது என்றார். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டடங்களின் உட்புறத்தில் காரீய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் அதைத் தடை செய்ய 1978 ஆனது. இந்தியாவில் சட்டபூர்வ வரம்புக்கான விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரம்பு 90 பிபிஎம்: அதாவது காய்ந்த பெயின்ட் பத்து லட்சம் பங்கு என்றால் அதில் காரீயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. விதி வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்கு மட்டுமே. தொழிற்சாலைப் பெயின்டுகள் அதில் அடங்கா. பட்டறையிலிருந்து நிறம் பூசியே வரும் கேட்டின் மேல் எந்த வகைப் பெயின்ட் இருக்கிறது என்று கேட்பவர் எத்தனை பேர்?

அக்கா வீட்டு ஜன்னலின் வயது அந்த விதியைவிடப் பல மடங்கு. அதன் மேல் குறைந்தது ஆறு ஏழு பூச்சு இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று ஒவ்வொரு சாக்கிலும் ஒரு கோட். எந்தப் பூச்சில் காரீயம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சோதனை என்பது இந்த அடுக்கைப் படிப்பதுதான்.

கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் நிறம் மாறும் பட்டைகளைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். குச்சி போன்ற ஒன்றை நனைத்துப் பெயின்டின் மேல் தேய்த்தால், காரீயம் இருந்தால் இளஞ்சிவப்பாகும். உள்ளே இருப்பது ரோடிசோனேட் என்ற வேதிப்பொருள். இன்னொரு வகை சோடியம் சல்ஃபைடு; அதில் கறுக்கும். விலை குறைவு, விடை உடனே. ஆனால் மேற்பரப்பில் தேய்த்துவிட்டு 'இல்லை' என்று நிம்மதியடைவதில் பொருள் இல்லை. மேலே இருப்பது போன வருடத்துப் பெயின்ட். கூரான கத்தியால் மரம் தெரியும் வரை சாய்வாக ஒரு வெட்டுப் போட வேண்டும். சாய்வாக வெட்டினால் பூச்சுகள் மரத்தின் ஆண்டு வளையம் போல வரி வரியாகத் தெரியும். அந்த வரிகள் அத்தனையிலும் தேய்க்க வேண்டும்.

அப்போதும் ஏமாற்றும். காரீயக் குரோமேட் எளிதில் கரையாது. நம் ஊர் மஞ்சளிலும் பச்சையிலும் இருக்கக்கூடியது அதுதான். பட்டை உடனே நிறம் மாறாமல் பல மணி நேரம் கழித்து மாறலாம், மாறாமலே போகலாம். சிவப்புப் பெயின்டில் தேய்த்தால் அதன் சாயமே ஒட்டிக்கொண்டு பொய்யாக 'இருக்கிறது' என்று சொல்லும். ஜிப்சம் பூச்சுள்ள சுவரில் சல்ஃபேட் குறுக்கே நின்று வினையைத் தடுக்கும். சல்ஃபைடோ இரும்பைக் கண்டாலும் கறுக்கும். ஜன்னல் கம்பியில் அதை வைத்து என்ன முடிவு எடுப்பது? அண்மையில் இன்னொரு வகை வந்திருக்கிறது. ஒரு திரவத்தைத் தெளித்துப் புறஊதா விளக்கைக் காட்டினால் காரீயம் பச்சையாக ஒளிரும். பார்ப்பதற்கு அழகு. அதற்கும் தன் கண்ணுக்கு எட்டியதுதான் தெரியும். மூடிய அடுக்கு தெரியாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்தப் பட்டைகள் எந்த அளவைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை? அமெரிக்கச் சட்டத்தில் ஏற்கெனவே சுவரில் இருக்கும் பெயின்டை 'காரீயப் பெயின்ட்' என்று அழைப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1 மில்லிகிராம் காரீயம். அல்லது எடையில் 0.5 விழுக்காடு, அதாவது 5,000 பிபிஎம். அங்கே விற்கும் பட்டைகள் இந்த எல்லையைக் குறிவைத்தவை. நம் விதி 90. இரண்டுக்கும் ஐம்பது மடங்குக்கு மேல் இடைவெளி. பட்டை 'இல்லை' என்றால், 'அமெரிக்கா பழைய வீட்டில் தேடும் அளவுக்கு இல்லை' என்று படிக்க வேண்டும். பெட்டியின் மேல் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இந்த இரண்டு அளவுகோல்களையும் கொஞ்சம் நின்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஓர் அச்சு வெல்லத்தைக் கரைத்துப் பானகம் செய்கிறீர்கள். பிறகு அதை ஒரு செம்பில் ஊற்றி மேலும் தண்ணீர் சேர்க்கிறீர்கள். இனிப்பு குறைந்துவிட்டது, வெல்லம் குறையவில்லை. பிபிஎம் என்பது இனிப்பு. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது வெல்லம். காரீயப் பூச்சின் மேல் ஆறு நல்ல பூச்சு அடித்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் சுரண்டி எடை போட்டால் பிபிஎம் இறங்கும். பரப்பளவில் இருக்கும் காரீயம் அப்படியே கிடக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு கோட் பெயின்ட் காய்ந்த பின் சுமார் 40 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிகிராம் பெயின்ட் வரும். அந்த எனாமலில் 10,000 பிபிஎம் காரீயம் இருக்கிறது என்று கொண்டால் (விதி வருவதற்கு முன் இந்தியாவில் நடந்த சோதனைகளில் அதையும் தாண்டிய எனாமல்கள் அகப்பட்டிருக்கின்றன) காரீயம் 0.06 மில்லிகிராம். மூன்று கோட் அடித்தாலும் 0.18. பரப்பளவு அளவுகோலான 1 மில்லிகிராமுக்கு அது எங்கோ கீழே. நம் வரம்பான 90க்கோ நூறு மடங்கு மேலே. ஒரே ஜன்னல், ஒரு கணக்கில் தேறும், இன்னொரு கணக்கில் படுதோல்வி. அதனால் யாராவது சோதனை முடிவைக் காட்டினால் நான் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் அலகை.

அடுத்தது எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வு) என்னும் கருவி. முடி உலர்த்தும் கருவி போலக் கைப்பிடியோடு இருக்கும். சுவரில் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் எண் வரும். சுரண்ட வேண்டாம், வெட்ட வேண்டாம். கருவியிலிருந்து போகும் கதிர், காரீய அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று இறங்குகிறது. இறங்கும்போது வெளிவரும் எக்ஸ் கதிரின் ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொன்று. அதை வைத்து ஆள் யார் என்று சொல்லிவிடலாம்.

காரீயம் இரண்டு குரலில் பேசும். அணுவின் ஆக உள்ளே இருப்பது கே கூடு, அதற்கு அடுத்தது எல் கூடு. எல் கூட்டுக் கதிர்களின் ஆற்றல் சுமார் 10 முதல் 13 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு); மெல்லிய குரல், மேலே இரண்டு கோட் தடித்த பெயின்ட் இருந்தாலே அமுங்கிவிடும். கே கூட்டுக் கதிர்கள் 75, 85 என்ற ஆற்றலில் வரும். அது தவில் சத்தம், கதவைச் சாத்தினாலும் கேட்கும். ஆனால் அந்தத் தவிலை அடிக்க வைக்க 88 கிலோ எலக்ட்ரான்வோல்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். பழைய கருவிகளில் காட்மியம்-109 என்ற கதிரியக்கப் பொருளை வைத்திருப்பதன் காரணம் இதுதான்: அது வெளிவிடும் காமா கதிரின் ஆற்றல் 88.03, காரீயத்துக்குத் தேவை 88.00. மயிரிழையில் தாண்டுகிறது! இயற்கை எப்போதாவது இப்படி ஒரு சலுகை தரும். காட்மியம்-109இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், ஒன்றேகால் ஆண்டு என்பதால் வருடங்கள் போகப் போகக் கருவி சோம்பேறியாகும். ஒரே அளவீட்டுக்கு அதிக நேரம் பிடிக்கும். எக்ஸ் கதிர்க் குழாய் வைத்த கருவிகளும் உண்டு. எதுவானாலும் கதிர்வீச்சுக் கருவி. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் விளையாடும் பொருள் அல்ல.

இந்தக் கருவி ஒரு வீட்டில் நூறு இடங்களை ஒரே நாளில் அளந்துவிடும். அந்த வேகம்தான் அதன் பெருமை. ஆனால் அது சொல்வது வெல்லக் கணக்கு, மில்லிகிராமில். எல்லைக்கு அருகே வரும் எண்ணை அது உறுதியாகச் சொல்லாது. 90 பிபிஎம் என்ற நுணுக்கத்தை மெல்லிய ஒரு பூச்சில் சுவரில் வைத்தபடியே பார்க்க அதனிடம் கேட்பது, லாரி எடைமேடையில் ஏலக்காயை நிறுப்பது போல.

ஆகவே கடைசியில் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அக்கா மகளுக்கு நான் சொன்ன முறை இதுதான். எடுக்கப் போகும் இடத்துக்குக் கீழே பாலிதீன் தாளை விரித்து ஒட்டு. கையுறை, முகக்கவசம். அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்து நனை. ஐந்து சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் ஒரு சதுரத்தை அளவுகோல் வைத்துக் கோடு கிழி. அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் அத்தனை பூச்சையும் மரம் தெரியும் வரை வழித்து எடு. ஒரு துளி கூடச் சிந்தக் கூடாது. மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு, எந்த அறை, எந்த ஜன்னல், எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டு. வழித்த இடத்தில் உடனே பட்டி பார்த்து மூடிவிடு.

மரத்தைச் சேர்த்துச் சீவிவிட்டால் என்ன ஆகும்? பிபிஎம் கேட்டிருந்தால் கெட்டது. மரத்தின் எடையும் சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடும். சதுர சென்டிமீட்டர் கணக்குக் கேட்டிருந்தால் பாதகம் இல்லை. பானகத்தை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்கூடத்தில் வழித்தெடுத்த பெயின்ட் சில்லை நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைப்பார்கள். கரைசலைச் சுடரில் தெளித்து, காரீய அணுக்கள் தமக்கே உரிய 283.3 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகின்றன என்று அளப்பார்கள். அல்லது பிளாஸ்மாவில் எரித்து அது உமிழும் ஒளியைப் படிப்பார்கள். என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடமா என்பது மட்டும் போதாது. 'காய்ந்த பெயின்டில் காரீயம்' என்ற சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தண்ணீரில் காரீயம் பார்ப்பதற்குப் பெற்ற அங்கீகாரத்தைக் காட்டிவிடுவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, குழந்தை இருக்கும் வீட்டில் நான் முதலில் சோதிக்கச் சொல்வது சுவரையோ ஜன்னலையோ அல்ல, தரையை. நல்ல நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயின்ட் யாரையும் தேடி வருவதில்லை. ஜன்னல் கதவு சட்டத்தில் உரசும் இடத்திலிருந்தும், வெயிலில் முதலைத் தோல் போல வெடித்த இடத்திலிருந்தும், உப்புத்தாளின் அடியிலிருந்தும் கிளம்பும் தூள்தான் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள பெயின்டை ஒரே ஒரு சதுர அடி தேய்த்துத் தூளாக்கி, பத்துக்குப் பத்து அறையில் சமமாகத் தூவினால் தரையின் ஒவ்வொரு சதுர அடியிலும் சுமார் 9,300 மைக்ரோகிராம் காரீயம் கிடக்கும். காரீயத்தை அகற்றும் வேலை முடிந்த வீட்டின் தரையில் எஞ்சியிருக்கும் அளவு சதுர அடிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று அமெரிக்காவில் இப்போது வைத்திருக்கிறார்கள்.

தூள் சோதனை எளிது. தரையில் ஒரு சதுர அடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, ஈரத் துடைப்புத்தாளால் இடமிருந்து வலமாக வளைந்து வளைந்து முழுவதும் துடைக்க வேண்டும்; மடித்து, மேலிருந்து கீழாக இன்னொரு முறை; மறுபடி மடித்து மூலைகளை. அதைப் புட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். ஜன்னல் திண்டிலும் இப்படியே. பயன்படுத்தாத ஒரு தாளையும் கூடவே அனுப்புங்கள். தாளிலேயே காரீயம் இருந்தால் அப்போதுதான் தெரியும்.

குழந்தைகளின் குடல், வாய்வழி வரும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேமித்து வைத்துக்கொள்கிறது. இதற்குமேல் இருந்தால்தான் கெடுதல் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2021 முதல் அந்த எண் 3.5.

அக்கா வீட்டில் நாங்கள் அன்றே வேலையை நிறுத்தினோம். தரையைப் பெருக்கக் கூடாது என்று அக்காவை நம்பவைப்பதுதான் கடினமாக இருந்தது. பெருக்கினால் தூள் எழும்பி வேறு இடத்தில் உட்காரும், அவ்வளவே. ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி துடைத்தார்கள். பேரனை ஒரு வாரம் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு சில்லுகள் சோதனைக்குப் போயின. சுவர் டிஸ்டம்பரில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஜன்னலின் பச்சையில் 90ஐ எங்கோ தாண்டிய எண் வந்தது.

ஜன்னல்களைத் தேய்க்காமல், இருக்கும் பூச்சைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் மேலேயே பிரைமரும் புதுப் பெயின்டும் அடிக்கச் சொன்னேன். உரசும் விளிம்புகளை மட்டும் கதவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய், நனைத்துத் தேய்த்தார்கள். பெயின்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். வேலை முடிந்து காசு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். தோளில் பச்சைத் தூள் இருந்தது.

"சார், வீட்டுக்குப் போனதும் இந்தச் சட்டையோடுதான் சின்னவளைத் தூக்குவேன். அந்த ரத்தப் பரிசோதனையை எங்கே செய்கிறார்கள்?"